இரண்டு ஆய்வகம், இரண்டு எண்

அன்புள்ள ஐயா,

தேங்காய்த் தொட்டிக்கரியிலிருந்து ஆக்டிவேட்டட் கார்பன் செய்கிறோம். ஒரே மூட்டையிலிருந்து எடுத்த கரியை இரண்டு ஆய்வகங்களுக்கு அனுப்பினோம். நுண்துளைகளின் உட்பரப்பையும் சேர்த்த பரப்பளவு கிராமுக்கு 980 சதுர மீட்டர் என்றது ஒன்று. 1,140 என்றது மற்றது. வாங்குகிறவர் எங்களைச் சந்தேகப்படுகிறார். எது உண்மை?

ச., காங்கேயம்

அன்புள்ள ச. அவர்களுக்கு,

இரண்டு ஆய்வகமும் நேர்மையாகவே அளந்திருக்கலாம். எந்தக் கருவியும் பரப்பளவை நேராக அளப்பதில்லை. அது அளப்பது வாயுவை. கரியை மைனஸ் 196 டிகிரியில் வைத்து நைட்ரஜனைச் சிறிது சிறிதாக விடுகிறார்கள். எந்த அழுத்தத்தில் எவ்வளவு ஒட்டியது என்று ஒரு கோடு கிடைக்கும். அதிலிருந்து பரப்பைக் கணக்கிட 1938-இல் வழி சொன்னவர்கள் புரூனவர், எம்மெட், டெல்லர் மூவரும். ஒரு மூலக்கூறு 0.162 சதுர நானோமீட்டர் இடத்தை அடைக்கும் என்று வைத்துப் பெருக்குகிறோம். அறிக்கையில் 1,000 சதுர மீட்டர் என்றிருந்தால், ஒரு கிராம் கரியின் பரப்பை ஒரே மூலக்கூறு கனத்தில் மூடும் ஒற்றை அடுக்குக்குச் சுமார் 230 மில்லிலிட்டர் நைட்ரஜன் பிடித்தது என்று பொருள்.

தொட்டிக்கரியில் இந்தக் கணக்கே இடறுகிறது. அதன் துளைகளில் பெரும்பாலானவை 2 நானோமீட்டருக்கும் குறுகியவை. நைட்ரஜன் மூலக்கூறோ ஏறக்குறைய 0.36 நானோமீட்டர். அவ்வளவு சிறிய இடுக்கில் அது சுவரில் பூசிய சுண்ணாம்பாகப் படிவதில்லை, படியில் கொட்டிய நெல்லாக நிரம்பிவிடுகிறது. நிரம்பியதைப் படிந்ததாக எண்ணிவிடுகிறோம். அதனால் எண் உண்மைப் பரப்பைவிடக் கூடிவிடலாம். ஓர் அணு கனமுள்ள கார்பன் தாளான கிராபீனின் இரு பக்கத்தையும் சேர்த்தாலே கிராமுக்கு 2,630 சதுர மீட்டர்தான். 3,000-ஐத் தாண்டியதாகச் சொல்லும் கரி அறிக்கைகளும் உண்டு!

அந்தக் கோட்டின் எந்தப் பகுதியைக் கணக்குக்கு எடுத்தார்கள் என்பதையும் கேளுங்கள். வழக்கமான வரம்பு, சார்பு அழுத்தம் (அந்த வெப்பநிலையில் நைட்ரஜன் திரவமாகும் அழுத்தத்தை 1 என்று வைத்த அளவு) 0.05 முதல் 0.3 வரை. உங்கள் கரிக்குப் பெரும்பாலும் 0.1-க்குக் கீழேயே பார்க்க வேண்டும். வரம்பை மாற்றினால் எண்ணும் மாறும்.

ஆனாலும் எனக்கு முதல் சந்தேகம் ஈரத்தின் மேல்தான். கரி காற்றிலிருந்து நீராவியை இழுத்துக்கொண்டே இருக்கும். அளப்பதற்கு முன் வெற்றிடத்தில் பல மணி நேரம் சூடாக்கி அதை வெளியேற்ற வேண்டும். எடையும் அதன் பிறகே போட வேண்டும். ஈரம் தங்கினால் துளையும் அடைபடும், எடையும் கூடும். எண் இரண்டு வழியிலும் குறையும். 980 இப்படி வந்திருக்கலாம்.

ஆகவே இரு ஆய்வகத்திடமும் சூடாக்கிய வெப்பநிலை, நேரம், அழுத்த வரம்பு, முழுக் கோடு நான்கையும் எழுதி வாங்குங்கள். முடிந்தால் ஆர்கானில், மைனஸ் 186 டிகிரியில், அளக்கச் சொல்லுங்கள். நுண்துளைக்கு நைட்ரஜனைவிட அது நம்பகமானது. 2015-இல் உலக வேதியியல் அமைப்பான ஐயுபாக் பரிந்துரைத்ததும் அதையே. வாங்குகிறவரிடமும் ஒன்று கேளுங்கள்: கரி எதற்கு? குடிநீருக்கென்றால், ஒரு கிராம் கரி எவ்வளவு அயோடினைப் பிடிக்கும் என்று காட்டும் அயோடின் எண்ணே அவருக்கு அதிகம் சொல்லும். சாயக் கழிவுக்கென்றால், பெரிய சாய மூலக்கூறுகள் நுழைய 2 நானோமீட்டருக்கு மேற்பட்ட துளைகள் வேண்டும். அதற்கு 1,140 என்ற எண்ணைவிட மெத்திலீன் புளூ என்னும் சாயத்தைக் கரி எவ்வளவு பிடிக்கிறது என்ற சோதனையே அவருக்கு உதவும்.