காகிதத்தின் பின்பக்கம்

அன்புள்ள ஐயா,

சொந்த ஊர் திண்டுக்கல். கொரிய அரசின் உதவித்தொகையில் சியோலுக்கு வந்து, ஓராண்டு மொழி படித்துவிட்டு, 'ஹங்குக்வா' எனப்படும் கொரிய ஓவியத் துறையில் சேர்ந்தேன். இப்போது இறுதி ஆண்டு. அமெரிக்காவில் துறைப் பிரிவுகளே இல்லாத ஒரு கலைப் பள்ளியில் முதுகலைக்கு விண்ணப்பிக்கிறேன். ஓவியம், சிற்பம், ஒலி, காணொளி என்று எதையும் எதனோடும் சேர்த்துச் செய்யலாம் என்பதே அந்தப் பள்ளியின் கொள்கை. 15 படைப்புகளும் ஒரு பக்கக் குறிப்பும் கேட்கிறார்கள்.

என்னிடம் இருப்பதெல்லாம் ஹன்ஜி என்கிற கொரிய மரபுக் காகிதமும் மையும் தூள் வண்ணமும்தான். "இரண்டு காணொளியாவது செய்து சேர்த்துவிடு, இல்லாவிட்டால் பழைய கைத்தொழில் செய்பவள் என்று ஒதுக்கிவிடுவார்கள்" என்கிறார்கள் தோழிகள். "கொரிய மரபை நவீனத்தோடு இணைப்பவள் என்று எழுது" என்கிறார் ஓர் ஆசிரியர். நான் கொரியப் பெண்ணே இல்லையே, அந்த மரபைப் பற்றிப் பேச எனக்கு என்ன உரிமை என்று தயக்கமாக இருக்கிறது. சில மாதங்களாக முன்பக்கத்தைத் தொடாமல், பின்பக்கம் மட்டும் வண்ணம் பூசி, அது ஊறி வருவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவை முடிந்த ஓவியங்கள் அல்ல என்பதால் அவற்றை அனுப்பப் போவதில்லை. என்ன செய்யட்டும்?

க.
சியோல்

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது, நீங்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய அந்தப் பின்பக்க ஓவியங்களைப் பற்றிய வரிகளைத்தான். அவற்றுக்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் பயம்.

ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் நிற்பதாகவும், ஏறிக் குதித்துக் காட்டினால்தான் அந்தப் பள்ளி உள்ளே விடும் என்றும் நினைக்கிறீர்கள். அந்தச் சுவரைக் கட்டியது யார்? 1922இல் ஜப்பானியக் காலனி அரசு சியோலில் 'ஜோசோன் கலைக் கண்காட்சி'யைத் தொடங்கியபோது படைப்புகளை மூன்று பிரிவாக வகுத்தது: 'தோங்யாங்ஹ்வா' என்கிற கீழைத்தேய ஓவியம், மேலைநாட்டு ஓவியமும் சிற்பமும், தூரிகையால் எழுதும் எழுத்துக்கலை. பத்தே ஆண்டுகளில், 1932இல், எழுத்துக்கலைப் பிரிவையே நீக்கிவிட்டு அந்த இடத்தில் கைவினையை வைத்தார்கள். அதுவரை ஒரே தூரிகையால், ஒரே மையால், ஒரே கை எழுதியும் வரைந்தும் வந்தது. கவிதை, எழுத்து, ஓவியம் மூன்றிலும் தேர்ந்தவரையே அந்த நாடு முழுமையான கலைஞராக மதித்தது. 'கீழைத்தேய ஓவியம்' என்ற பெயரில் இருந்த காலனி வாடை பிடிக்காமல்தான் பின்னால் 'ஹங்குக்வா' என்று மாற்றிக்கொண்டார்கள். பெயர் மாறியது, தடுப்பு அப்படியே இருக்கிறது. நீங்கள் மரபு என்று நினைத்து அஞ்சுவதில் பாதி, ஓர் அலுவலகம் போட்ட கோடு.

'சேஹாந்தோ' என்ற புகழ்பெற்ற மை ஓவியத்தை உங்கள் ஆசிரியர்கள் கட்டாயம் காட்டியிருப்பார்கள். அதை விண்ணப்பதாரரின் கண்ணோடு இன்னொரு முறை பாருங்கள். 1844. அறிஞரும் எழுத்துக்கலைஞருமான கிம் ஜியோங்-ஹுய் ஜேஜு தீவில் நாடுகடத்தலில் இருக்கிறார். அதிகாரம் போனதும் நண்பர்களும் போய்விட்டார்கள். மொழிபெயர்ப்பு அதிகாரியாகப் பணியாற்றிய மாணவர் யி சாங்-ஜோக் மட்டும், பெய்ஜிங்கில் அரிய நூல்களைத் தேடி வாங்கிக் கடல் கடந்து அனுப்பிக்கொண்டிருந்தார். அவருக்கு நன்றியாக வரைந்த ஓவியம் அது. ஒரு வீடு, நான்கு மரங்கள், மற்றதெல்லாம் வெறும் காகிதம். ஓவியத்தின் அகலம் சுமார் 70 சென்டிமீட்டர்தான். பக்கத்திலேயே கட்டம் போட்டு, கடுங்குளிரில்தான் பைன் மரம் வாடாதது தெரியும் என்ற கன்ஃபூசியஸின் சொல்லை எடுத்துக்கொண்டு, மாணவருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். மாணவர் அதை பெய்ஜிங்குக்குக் கொண்டுபோக, அங்கே 16 சீன அறிஞர்கள் அதற்கு மறுமொழி எழுதிக்கொடுத்தார்கள். பிற்காலத்தில் கொரியர்களும் எழுதினார்கள். எல்லாவற்றையும் ஒட்டி ஒட்டி, இன்று கொரிய தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தச் சுருளின் நீளம் 14 மீட்டருக்கும் மேல்.

ஓவியம், கடிதம், எழுத்துக்கலை, நூறாண்டுக்கு நீண்ட ஓர் உரையாடல் எல்லாம் ஒரே காகிதச் சுருளில். அதை எந்தத் துறையில் வைப்பீர்கள்? உரிமையைப் பற்றிக் கேட்டீர்கள் அல்லவா? அந்த 16 பேரும் அயல்நாட்டார். அவர்கள் கை பட்டதால் சேஹாந்தோ வளர்ந்ததே தவிர, யாருக்கும் அந்நியமாகிவிடவில்லை. நீங்கள் கொரியராக நடிக்கவும் வேண்டாம், தமிழ்ப்பெண் என்பதற்காகக் கோலத்தையும் கோபுரத்தையும் கொண்டுவந்து ஒட்டவும் வேண்டாம். நான்கு ஆண்டு கற்ற கை உங்களுடையது. அந்த உரிமை போதும்.

இப்போது உங்கள் பின்பக்க ஓவியங்களுக்கு வருகிறேன். பின்னாலிருந்து வண்ணம் பூசுவதற்கு உங்கள் துறையில் 'பேச்சே' என்று பெயரே உண்டு. கொர்யோ அரச மரபின் காலத்துப் புத்த ஓவியங்களிலும் அதற்குப் பின் வந்த ஜோசோன் அரச மரபின் காலத்து உருவப்படங்களிலும் பட்டுத்துணியின் பின்புறம் சதையின் நிறத்தைப் பூசிவிட்டு, முன்புறம் மெல்லிய கோடுகளால் முகத்தை எழுதினார்கள். அந்த முகங்கள் உள்ளிருந்து ஒளிர்வது அதனால்தான். நீங்கள் அந்த முறையை எடுத்துக்கொண்டு முன்பக்கத்துக் கோட்டை விட்டுவிட்டீர்கள். முகம் இல்லை, நிறம் மட்டும் ஊறி வருகிறது. இது முடியாத ஓவியம் என்று எனக்குத் தோன்றவில்லை. நான்கு ஆண்டு படிப்பில் நீங்களாகக் கேட்ட முதல் கேள்வி இதுதான் என்று தோன்றுகிறது.

இந்த வழியில் முன்னால் போனவர் ஒருவர் இருக்கிறார், குவோன் யோங்-வூ. சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் தோங்யாங்ஹ்வா படித்த முதல் அணியைச் சேர்ந்தவர். 1960களில் மையையும் தூரிகையையும் கீழே வைத்துவிட்டு, ஹன்ஜியை மட்டும் எடுத்துக்கொண்டு, நகத்தால் கீறினார், துளைத்தார், அடுக்கி ஒட்டினார். பாரிஸில் வாழ்ந்த 1980களில் வண்ணம் திரும்பி வந்தது. காகிதத்தின் பின்னால் பூசி, கிழிசல் வழியே முன்னால் கசியவிட்டார். அவர் புதிதாக ஓர் ஊடகத்தைத் தேடிப் போகவில்லை. இருந்த காகிதத்தையே விடாமல் பிடித்துக்கொண்டார். சிற்பம் என்றும் சொல்லத்தக்க ஒன்று அவர் கையில் தானாக வந்து சேர்ந்தது.

சோ டோ-ஹோ உங்கள் நிலைமைக்கு இன்னும் நெருக்கமானவர். மை ஓவியத்தைப் புதுப்பிக்க 1960இல் 'முங்னிம்ஹோ' குழுவைத் தொடங்கிய சோ சே-ஓக்கின் மகன். சியோலில் தோங்யாங்ஹ்வாவில் முதுகலை வரை முடித்துவிட்டு, அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் கலைப் பள்ளியில் மறுபடி இளங்கலை மாணவராக உட்கார்ந்தார். 1994இல் அதை முடித்து, 1997இல் யேல் பல்கலைக்கழகத்தில் சிற்பத்தில் முதுகலை பெற்றார். 1999இல், தான் வளர்ந்த சியோல் வீட்டை முழு அளவில் ஒளி ஊடுருவும் பட்டில் தைத்துத் தொங்கவிட்டார். உலகம் அதைச் சிற்பம் என்றது. எனக்கு அது பட்டில் வரைந்த கோட்டோவியமாகவே தெரிகிறது: தையல்தான் கோடு, துணிதான் தளம். சிங்கப்பூரில் அவருடைய நூல் ஓவியங்களை நேரில் பார்த்தேன். நீரில் கரையும் மெல்லிய தாளில் உருவத்தைத் தைத்து, ஈரமான காகிதக் கூழின் மேல் வைக்கிறார்கள். தாள் கரைந்துபோக, நூல் காகிதத்துக்குள் பதிந்துவிடுகிறது. மை ஊறுவதைப் போல நூல் ஊறி நிற்கிறது. அதன் முன்னால் வெகுநேரம் நின்றிருந்தேன்.

ஆகவே தோழிகள் சொல்லும் அந்த இரண்டு காணொளிகள் வேண்டாம். விருப்பமில்லாமல் செய்தது தேர்வுக் குழுவுக்கு முதல் நொடியிலேயே தெரியும். ஒரே ஒரு விதிவிலக்கு. நிறம் முன்பக்கத்துக்கு வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காத்திருப்பே உங்களுக்கு முக்கியம் என்றால், கேமராவை ஓரிடத்தில் நிறுத்தி அதைப் பதிவு செய்யுங்கள். அது ஒப்புக்குச் சேர்த்த காணொளியாக இருக்காது.

முன்னோர் ஓவியங்களைப் பார்த்து வரைந்த பயிற்சிகளில் ஒன்று போதும். கை பழகியிருக்கிறது என்று தெரிந்தால் சரி. மற்ற இடங்களைப் பின்பக்க ஓவியங்களுக்குக் கொடுங்கள், பசையும் படிகாரமும் சரியாகக் கலக்காமல் திட்டுத்திட்டாகிப்போன ஒன்றையும் சேர்த்து. குறிப்பில் 'மரபையும் நவீனத்தையும் இணைக்கிறேன்' என்ற வாக்கியம் வரக்கூடாது. உங்கள் ஆசிரியர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் அந்த வாக்கியத்தை யார் வேண்டுமானாலும் யாரைப் பற்றியும் எழுதலாம். தக் மரத்தின் உட்பட்டையில் செய்த காகிதம் எத்தனை அடுக்கு, அக்யோ பசையை எவ்வளவு நீர்க்கக் காய்ச்சினீர்கள், எந்த நிறம் ஊறி வந்தது, எது பின்னாலேயே தங்கிவிட்டது என்று எழுதுங்கள். அக்யோ வேறொன்றுமில்லை, நம் தச்சர்கள் வச்சிரம் என்று சொல்லும் அதே வகைப் பசைதான். திண்டுக்கல்லில் மர வேலை நடக்கும் இடங்களில் அந்த வாசனையை நீங்கள் முன்பே அறிந்திருந்தால் அதையும் எழுதலாம். அறியாவிட்டால் வேண்டாம்.

படமெடுப்பதில் மிகுந்த கவனம் தேவை. நேராக விளக்கடித்தால் ஹன்ஜியின் நார் தெரியாது, வெறும் வெள்ளைத் தாள் போல ஆகிவிடும். பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒன்று, பின்னாலிருந்து வெளிச்சம் ஊடுருவ ஒன்று எடுங்கள். சட்டமிட்டுச் சுவரில் சாய்க்காமல், சன்னலருகே நூலில் தொங்கவிட்டு, ஓர் ஆள் சுற்றி நடக்கும் அளவுக்கு இடம் விடுங்கள். பிறகு நீங்கள் யாருக்கும் காட்டாத அந்தப் பின்பக்கத்தையும், பூசிய தடங்களோடு, முழுதாக எடுங்கள். அவை மொத்தம் எத்தனை என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டு பக்கப் படங்களையும் எனக்கு அனுப்புங்கள்.