சர்வருக்கு எந்த லினக்ஸ் போடலாம்?

கேள்வி: எங்கள் கடையின் பில்லிங் சர்வர் இன்னும் சென்ட்ஓஎஸ் 7-இல்தான் இருக்கிறது. நன்றாக ஓடும்போது ஏன் மாற்ற வேண்டும் சார்?

ஓடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் 2024 ஜூன் 30-உடன் அதற்கு வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. அதற்குப் பிறகு வெளியான ஓட்டைகளை இலவசமாக அடைத்துத் தர ஆளில்லை. சென்ட்ஓஎஸ் போலவே ரெட் ஹாட் நிறுவனத்தின் லினக்ஸை ஒட்டி இலவசமாக வரும் அல்மாலினக்ஸ் 9 அல்லது ராக்கி 9-க்குப் போங்கள். அல்மாவின் எலிவேட் கருவி, இருக்கும் மெஷினிலேயே 7-இலிருந்து 8, பிறகு 9 என்று படிப்படியாக ஏற்றும். பில்லிங் என்பதால் நான் அந்த வழியில் போக மாட்டேன். புது மெஷினில் 9 போட்டு, டேட்டாபேஸை நகர்த்தி, கணக்கு ஒத்துப்போகும்வரை பழையதையும் வைத்திருப்பேன். பேக்கப் இருக்கிறது என்பீர்கள்; ரீஸ்டோர் செய்து பார்த்தீர்களா?

கேள்வி: அல்மாவையும் நாளைக்கு சென்ட்ஓஎஸ் 8 மாதிரி பாதியில் விட்டுவிட்டால்?

நியாயமான பயம். 2029 வரை என்று நம்பிப் போட்டவர்களுக்கு, 2021 டிசம்பரோடு சரி என்று 2020 டிசம்பரில் அறிவித்தார்கள். அப்போது சென்ட்ஓஎஸ் ரெட் ஹாட்டின் பிடியில் இருந்தது. அல்மாவை நடத்துவது லாப நோக்கற்ற அறக்கட்டளை. ராக்கியைத் தொடங்கிய கிரெகரி குர்ட்சர் சென்ட்ஓஎஸ்ஸின் நிறுவனர்களில் ஒருவர். 2023 ஜூனில் ரெட் ஹாட் தன் மூல நிரலை வாடிக்கையாளர்களுக்கு மட்டும் என்று சுருக்கியபோதும் இரண்டும் தாக்குப்பிடித்தன. அப்படியே கைவிட்டாலும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது பெரிய வேலையில்லை.

கேள்வி: உபுண்டுவா, டெபியனா?

உங்கள் டீமில் யாருக்கு எது கைவந்ததோ அது. இராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் படுத்தால் எழுந்து பார்க்கப் போவது அவர்தானே! உபுண்டு எல்டிஎஸ்ஸுக்கு, அதாவது நீண்ட கால ஆதரவுப் பதிப்புக்கு, 5 ஆண்டு ஆதரவு. டெபியனுக்கு 3, அதன்மேல் எல்டிஎஸ் குழு தரும் 2. உபுண்டுவின் ஸ்னாப் என்ற பேக்கேஜ் முறையின் தொல்லை இல்லாததால் என் ஓட்டு டெபியனுக்கு. உபுண்டு என்றால் எல்டிஎஸ் மட்டும். இடையில் வருபவற்றுக்கு ஆயுள் 9 மாதம்தான்.

கேள்வி: ஆர்ச் போடலாமா அண்ணா?

ஓயாமல் அப்டேட் வரும் அதை உன் லேப்டாப்பில் போடு தம்பி.

கேள்வி: 2012 காலத்து ஜியான் சர்வர் ஒன்று சும்மா கிடக்கிறது. ராக்கி 10 ஏறுமா?

ஏறாது. ரெட் ஹாட் 10 வகைக்கு ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பு உள்ள பிராசஸர் வேண்டும். இன்டெலில் அது 2013-இல் வந்த ஹாஸ்வெல்லிலிருந்துதான். அல்மா 10-இல் பழைய பிராசஸர்களுக்கென்றே தனி இமேஜ் உண்டு, இறக்கும்போது வி2 என்று இருப்பதை எடுங்கள். ஆனால் வேறு நிறுவனங்களின் ரிபாசிட்டரிகள் (மென்பொருள் கிடங்குகள்) ஏவிஎக்ஸ்2 உள்ள வி3 வகைக்கு மட்டுமே பேக்கேஜ் வைத்திருக்கலாம். அப்படி ஏதாவது தேவைப்பட்டால் 9-ஐயே போடுங்கள், 2032 மே வரை திருத்தங்கள் வரும். அந்த மெஷின் அதுவரை இருக்குமா என்பது வேறு.