டவர் மட்டும் கேட்கவில்லை

அன்புள்ள அண்ணாச்சி,

களியக்காவிளையில் இருக்கிறேன். ஸ்கேனர் (பல அலைவரிசைகளைத் தேடிக் கேட்கும் ரேடியோ) வாங்கி மூன்று மாதமாகிறது. விமானம், கப்பல், ஹாம் (பொழுதுபோக்கு வானொலிக்காரர்கள்) மூன்றும் கேட்க ஆசை. விமானிகள் பேசுவது கேட்கிறது, திருவனந்தபுரம் விமான நிலையக் கட்டுப்பாட்டு டவர் மட்டும் கேட்கவே மாட்டேன் என்கிறது. அகல அலைவரிசைக்கு டிஸ்கோன் ஆன்டெனா வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

டிஸ்கோன் வைத்தாலும் டவர் கேட்கும் என்று சொல்ல முடியாது. இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறவை. பத்து கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் விமானம் 300 கி.மீ.க்கு அப்பாலிருந்தும் கேட்கும். டவர் அப்படியா? நடுவே ஒரு ரப்பர் தோட்டத்து மேடு இருந்தால் போச்சு. முதலில் ஆன்டெனாவை மாடிக்கு மேலே ஒரு குழாயில் ஏற்றுங்கள்.

டிஸ்கோன் என்பது மேலே ஒரு தட்டு, கீழே விரித்த குடைக்கம்பிகள். பெட்டியில் 25 முதல் 1300 மெகாஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கும். பொய்யில்லை. ஆனால் அத்தனையும் உங்களுக்கு எதற்கு? விமானம் 118-இல் தொடங்குகிறது, ஹாம் 144-146, கப்பலின் 16-ஆம் சேனல் 156.8. எல்லாம் பக்கத்துப் பக்கத்து வீடு. 75-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் ஆன்டெனாக் கம்பிக்கு வேண்டிய கால் அலை நீளம் மீட்டரில் வரும்; நடுவாக 136 என்று வைத்தால் சுமார் 55 செ.மீ. அந்த நீளத்தில் கம்பி ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி, அடியில் அதே நீளத்தில் நாலு கம்பியைச் சரித்துவிட்டால் மூன்றுக்கும் தாராளம். 400-க்கு மேலேயும் மேய வேண்டும் என்றால் அப்போது டிஸ்கோன் வாங்கலாம். அதிலும் ஒரு தொல்லை உண்டு: திருவனந்தபுரம் வானொலியின் எஃப்.எம். 101.9-ஐயும் அள்ளிக் கொண்டுவரும். மலிவான ஸ்கேனர் திணறி, விமானி பேச்சுக்கு நடுவே சினிமாப் பாட்டு ஓடும். எஃப்.எம். தடுக்கும் ஃபில்டர் ஒன்று தனியாக வாங்க வேண்டிவரும்.

மிச்சமாகும் காசைக் கேபிளில் போடுங்கள். மெல்லிய ஆர்.ஜி.58-ஐ 25 மீட்டர் இழுத்தால் சிக்னலில் பாதிக்கு மேல் வழியிலேயே தீர்ந்துவிடும். டிஷ்ஷுக்குப் போடும் ஆர்.ஜி.6 போதும். ஸ்கேனருக்கு 50 ஓம் கேபிள்தான் வேண்டும், இது 75 ஓம் என்று யாராவது பயமுறுத்துவார்கள், கேட்பதற்கு அது ஒரு பொருட்டே அல்ல.

என் முதல் ஆன்டெனா ஓர் இடவப்பாதியோடு (தென்மேற்குப் பருவமழையோடு) செவிடாகிவிட்டது. கனெக்டரைக் கழற்றினால் தண்ணீர் சொட்டியது. உறையைச் சீவிப் பார்த்தேன், ஒரு சாண் தூரத்துக்குப் பின்னல் கம்பி கறுத்துப் பச்சை பூத்திருந்தது. கனெக்டர் மேல் ரப்பர் டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றுங்கள்.

அப்புறம், போலீஸ் வயர்லெஸ் பக்கம் போக வேண்டாம். உரிம விதிகளையும் ஒருமுறை படித்துவிடுங்கள். ஐப்பசி இடி தொடங்கினால் கேபிளை ஸ்கேனரிலிருந்து கழற்றி வெளியே போட்டுவிடுங்கள். டவர் கேட்டால் எழுதுங்கள்.