மொய்ப் பணத்துக்கு வரி உண்டா, பெயிண்ட்டுக்கு அட்வான்ஸில் பிடிக்கலாமா? வாசகர் கேள்விகளும் வழக்கறிஞர் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வீட்டு அட்வான்ஸ் பற்றியவை. ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து, ஊர்ப் பெயரை மட்டும் போட்டிருக்கிறேன். எழுதும்போது தேதி, தொகை, கையில் என்ன காகிதம் இருக்கிறது, இந்த மூன்றையும் மறக்காமல் எழுதுங்கள். ‘ஒருத்தர் பணம் தரணும், என்ன செய்யலாம்’ என்று ஒரு வரியில் கேட்டால் ஜோசியம்தான் சொல்ல முடியும்.

கேள்வி: நான்கு வருடம் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்து இரண்டு மாதம் ஆகிறது. வாடகை 15,000, அட்வான்ஸ் பத்து மாதத்துக்கு ஒன்றரை லட்சம். பெயிண்ட்டுக்கு 40,000, கிளீனிங்குக்கு 5,000 என்று ஹவுஸ் ஓனர் கழிக்கிறார். மீதியை ‘அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்ததும் தருகிறேன்’ என்கிறார். 11 மாத ஒப்பந்தம் போட்டோம், அதன் பிறகு புதுப்பிக்கவில்லை. (வேளச்சேரி)

அடுத்த ஆள் வருவதற்கும் உங்கள் பணத்துக்கும் சட்டத்தில் எந்தச் சம்பந்தமும் இல்லை. தமிழ்நாட்டில் 1960ஆம் வருடத்து வாடகைச் சட்டம் போய், 2017இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி, வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், நீங்கள் கொடுக்க வேண்டிய பாக்கி ஏதும் இருந்தால் அதை மட்டும் கழித்துக்கொண்டு, அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அட்வான்ஸே மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது, ஆனால் ‘ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லாவிட்டால்’ என்று ஒரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறார்கள். சென்னையில் எல்லோரும் அந்த வாசல் வழியாகத்தான் போகிறார்கள். அதனால் பத்து மாதம் வாங்கியதை வைத்துச் சண்டை போடுவதில் பலனில்லை, திருப்பித் தராததுதான் உங்கள் விஷயம்.

பெயிண்ட்டுக்கு வருவோம். சட்டத்தின் இரண்டாவது அட்டவணை எந்த வேலை யார் பொறுப்பு என்று பிரித்தே சொல்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் உரிமையாளர் தலையில். டேப் வாஷர், சாக்கடை அடைப்பு, சுவிட்ச், உடைந்த கண்ணாடி, தாழ்ப்பாள் எல்லாம் குடியிருப்பவர் தலையில். நான்கு வருடம் ஆள் இருந்த வீட்டில் சுவர் மங்கத்தான் செய்யும், அது சேதம் ஆகாது. ஆனால் உங்கள் ஒப்பந்தத்தில் ‘காலி செய்யும்போது பெயிண்ட் செலவு வாடகைதாரருடையது’ என்று ஒரு வரி இருந்தால் நிலைமை வேறு. முதலில் அதை எடுத்துப் படியுங்கள், பலர் கையெழுத்துப் போட்டதோடு சரி.

11 மாத ஒப்பந்தம் போட்டால் எங்கும் பதிய வேண்டாம் என்பது பழைய பழக்கம். புதிய சட்டத்தில் எத்தனை மாத ஒப்பந்தமானாலும் வாடகை அதிகாரியிடம் பதிந்து எண் வாங்க வேண்டும், இதற்கென ஆன்லைன் வசதியும் இருக்கிறது. பதியாத ஒப்பந்தத்தைச் சாட்சியமாகக் காட்டுவதில் சிக்கல் வரும். அதற்காகப் பணம் போய்விடாது. வங்கி வழியாக அனுப்பிய ஒன்றரை லட்சத்துக்கு ஸ்டேட்மென்ட் இருக்கும், ‘தருகிறேன்’ என்று அவர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால் அதுவும் உதவும். வழக்கறிஞர் மூலம் 15 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்புங்கள், போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையோடு. பெரும்பாலும் நோட்டீஸிலேயே பேச்சு மாறும். மாறாவிட்டால் மூன்று வருடத்துக்குள் சிவில் வழக்குப் போடலாம்.

கேள்வி: மகளுக்குக் காதணி விழா வைத்தேன். மொய் ஒன்பது லட்சம் வந்தது. பணத்தை வங்கியில் போடலாமா, வரி கட்ட வேண்டுமா? கல்யாணத்து மொய்க்கு வரி இல்லை என்கிறார்களே? (பட்டுக்கோட்டை பக்கம்)

உங்கள் பக்கத்தில் இருந்து இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம். ஆடி, ஆவணியில் பேராவூரணியில் இருந்து கீரமங்கலம் வரை மொய் விருந்து நடக்கும் ஊர்களில் ஒரே நாளில் கை மாறும் பணத்தைப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

கல்யாணத்துக்கு வரும் அன்பளிப்புக்கு வரி இல்லை என்பது சரிதான். ஆனால் அந்தச் சலுகை கல்யாணம் செய்துகொள்கிற பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும்தான். காதுகுத்து, புதுமனை புகுவிழா, பூப்புனித நீராட்டு, மொய் விருந்து எதுவும் அதில் சேராது. இவற்றில் யார் கொடுத்தார் என்று பார்க்க வேண்டும். வருமான வரிச் சட்டம் ‘உறவினர்’ என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. மனைவி அல்லது கணவர், உடன்பிறந்தவர்கள், மனைவியின் உடன்பிறந்தவர்கள், அப்பா அம்மாவின் உடன்பிறந்தவர்கள், தாத்தா பாட்டி, பிள்ளைகள், இவர்களுடைய கணவன் மனைவியர். தாய்மாமன் சீர் எத்தனை லட்சம் ஆனாலும் வரி இல்லை. ஆனால் பெரியப்பா மகன் இந்தப் பட்டியலில் கிடையாது! நம் ஊரில் அவர் அண்ணன், வரித்துறைக்கு அவர் வெளியாள். பங்காளி, சம்பந்தி வழி, நண்பர், பக்கத்து வீட்டுக்காரர் என்று பட்டியலுக்கு வெளியே உள்ளவர்கள் கொடுத்தது ஒரு வருடத்தில் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டும் இல்லை, முழுத் தொகையும் உங்கள் வருமானமாகக் கணக்காகும். மகள் பெயரில் போட்டாலும் தப்பிக்க முடியாது, மைனர் பிள்ளையின் இந்த மாதிரி வருமானம் அப்பா அம்மாவில் யாருக்கு வருமானம் அதிகமோ அவர் கணக்கில் சேரும். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்தாலும் இந்த விஷயம் மாறவில்லை.

‘மொய் அன்பளிப்பே இல்லை, திருப்பிச் செய்ய வேண்டிய கடன்தானே’ என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி, உங்கள் ஊர் வழக்கப்படி அது உண்மையும் கூட, நீங்கள் முன்பு செய்ததுதான் இப்போது திரும்பி வருகிறது என்று வாதாட இடம் இருக்கிறது. அதற்கு மொய் நோட்டு வேண்டும். இப்போது வந்ததற்கு மட்டும் போதாது, நீங்கள் யாருக்கு எப்போது எவ்வளவு செய்தீர்கள் என்ற பழைய நோட்டும் வேண்டும். ஆனால் ‘கடன்’ என்று சொன்ன மாத்திரத்தில் இன்னொரு விதி குறுக்கே நிற்கும். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்கக் கூடாது, வாங்கினால் அதே அளவு தொகை அபராதம் வரலாம். கொடுத்தவர் வாங்கியவர் இருவருக்கும் விவசாய வருமானம் இருந்து, இருவருக்குமே வரி கட்டும் அளவுக்கு வேறு வருமானம் இல்லையென்றால் இந்த விதி பொருந்தாது. உங்கள் பகுதியில் நிறையப் பேர் அப்படித்தான் இருப்பார்கள். 500, 1,000 மொய்களில் இந்தப் பிரச்சினையே கிடையாது, பெரிய தொகை செய்தவர்கள் பெயரை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள்.

கல்யாண வீட்டார் கவனிக்க வேண்டியது ஒன்று. ஒரே ஆளிடமிருந்து ஒரே விசேஷத்துக்காக 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. மாமனார் பாசமாகக் கட்டுக்கட்டாகக் கொடுத்தாலும் அபராதம் வாங்கியவருக்குத்தான், அதுவும் வாங்கிய தொகை அளவுக்கு. வங்கி வழியாகவோ செக்காகவோ கொடுக்கச் சொல்லுங்கள்.

வங்கியில் தாராளமாகப் போடலாம். சேமிப்புக் கணக்கில் ஒரு நிதியாண்டில் ரொக்கமாக 10 லட்சம் சேர்ந்தால் வங்கி வரித்துறைக்குத் தகவல் கொடுக்கும், அவ்வளவுதான். அதற்குப் பயந்து நான்கு கணக்கில் பிரித்துப் போடுவதைவிட, மொய் நோட்டின் ஜெராக்ஸோடு ஒரு ஆடிட்டரைப் பார்ப்பது நல்லது.

கேள்வி: எனக்கு வருடம் 9 லட்சம் சம்பளம். 12 லட்சம் வரை வரி இல்லையே, ரிட்டர்ன் போட வேண்டுமா? (கோவை)

போட வேண்டும். புதிய வரி முறையில் 4 லட்சத்தைத் தாண்டினாலே ரிட்டர்ன் கட்டாயம். 12 லட்சம் வரை வரி பூஜ்யம் ஆவது தள்ளுபடியால், அந்தத் தள்ளுபடியும் ரிட்டர்ன் போட்டுத்தான் கணக்காகிறது. ஷேர் விற்று லாபம் வந்திருந்தால் அதற்கு இந்தத் தள்ளுபடி கிடையாது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜூலை 31ஐத் தவறவிட்டால் உங்கள் சம்பளத்துக்குத் தாமதக் கட்டணம் 5,000 வரை.

கேள்வி: அப்பா 2025 அக்டோபரில் இறந்துவிட்டார். 2022 ஆகஸ்ட்டில் அவர் 2 லட்சம் வாங்கியதாக ஒருவர் புரோநோட்டோடு வருகிறார். அதன் பின்பக்கம் 2025 மே மாதம் ‘ரூ.500 வரவு’ என்று எழுதி, கைநாட்டு இருக்கிறது. அப்பா எப்போதும் கையெழுத்துத்தான் போடுவார். ஐந்து வட்டி கணக்குப் போட்டு, என் சம்பளத்தில் கட்டச் சொல்லி ஆள் அனுப்புகிறார். (தென்காசி)

உங்கள் சம்பளத்தைத் தொட முடியாது. அப்பா வாங்கிய கடனுக்கு, அவரிடமிருந்து உங்களுக்கு வந்த சொத்தின் அளவுக்குத்தான் பொறுப்பு. வீடோ நிலமோ வந்திருந்தால் அதன் மீது அவர் வழக்குப் போடலாம், எதுவும் வரவில்லை என்றால் அவர் வெறுங்கையோடு போக வேண்டியதுதான். ‘அப்பன் கடனை மகன் அடைப்பது தர்மம்’ என்று பழைய இந்துச் சட்டத்தில் ஒரு கோட்பாடு இருந்தது. 2005 செப்டம்பர் 9க்குப் பிறகு வாங்கிய கடனுக்கு அதைக் காட்டி மகனைப் பிடிக்க முடியாது.

இனி அந்த 500 ரூபாய். கேட்டதும் தர வேண்டிய புரோநோட்டுக்கு, எழுதிய தேதியிலிருந்து மூன்று வருடம்தான் ஆயுள். இது 2025 ஆகஸ்ட்டில் காலாவதி ஆகியிருக்க வேண்டும். மூன்று வருடம் முடிவதற்குள் கடன் வாங்கியவர் கொஞ்சம் பணம் கட்டி அதற்கு அவரே எழுதியோ கையெழுத்திட்டோ இருந்தால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று வருடம் ஓடும். கெடு முடிய மூன்று மாதம் இருக்கும்போது 500 ரூபாய் வரவு வந்திருப்பதும், கையெழுத்துப் போடத் தெரிந்தவர் கைநாட்டு வைத்திருப்பதும் எந்த வழக்கறிஞர் கண்ணையும் உறுத்தும். நீங்கள் மறுத்தால், அது அப்பாவின் ரேகைதான் என்று நிரூபிக்க வேண்டியவர் அவர். அப்பாவின் கைரேகை உள்ள பழைய பத்திரம், அந்த மே மாதம் அவர் ஆஸ்பத்திரியில் இருந்திருந்தால் அந்தச் சீட்டு, பென்ஷன் ஆவணத்தில் உள்ள கையெழுத்து எல்லாவற்றையும் தேடி எடுத்து வையுங்கள்.

நீங்கள் செய்யக் கூடாதது ஒன்றே ஒன்று. ‘சும்மா பெயருக்கு ஒரு புது நோட்டு எழுதிக் கொடுங்க, வட்டியைக் குறைச்சுக்கிறேன்’ என்பார்கள். கையெழுத்துப் போட்டால் அது உங்கள் சொந்தக் கடன் ஆகிவிடும். அப்புறம் இதுவரை நான் சொன்னது எதுவும் உதவாது.

ஐந்து வட்டி என்றால் வருடத்துக்கு 60 சதவீதம். தமிழ்நாட்டில் கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றுக்கும் 2003ஆம் வருடத்துச் சட்டம் இருக்கிறது, மூன்று வருடம் வரை சிறையும் 30,000 வரை அபராதமும். ஆள் வந்த தேதி, நேரத்தைக் குறித்துக்கொண்டு காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். அங்கே வாங்க மறுத்தால் எஸ்.பி. அலுவலகம், அல்லது திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டம்.

கேள்வி: நண்பனின் வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். அவன் கட்டவில்லை. ‘முதலில் அவனிடம் வாங்குங்கள்’ என்று நான் சொல்ல முடியாதா? (சேலம்)

முடியாது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம், வங்கி நேராக உங்களிடம் வரலாம். உங்கள் சிபில் ஸ்கோரும் அடிவாங்கும். நீங்கள் கட்டினால் அந்தப் பணத்தை நண்பர் மீது வழக்குப் போட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு, அதனால் கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வைத்துக்கொள்ளுங்கள். வசூல் ஏஜென்ட்டுகள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மீறினால் முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார், 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர்.

கேள்வி: நான்கு வருடம் ஒன்பது மாதம் வேலை பார்த்து ராஜினாமா செய்தேன். ஐந்து வருடம் முடியாததால் கிராஜுவிட்டி (பணிக்கொடை) இல்லை என்கிறது கம்பெனி. (ஸ்ரீபெரும்புதூர்)

சென்னை உயர் நீதிமன்றம் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. நான்கு வருடம் முடிந்து, ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் அது ஐந்து வருடத் தொடர்ச்சியான பணிதான். 240 நாளில் வாரவிடுமுறை கழியும் என்பதால் ஒன்பது மாதம் என்பது கொஞ்சம் எல்லைக்கோட்டில் நிற்கிறது. சம்பளத்தோடு கூடிய விடுப்பும் சேரும், வருகைப் பதிவை வாங்கி எண்ணிப் பாருங்கள். வாரத்தில் ஐந்து நாள் வேலை என்றால் 190 நாளே போதும்.

கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 26,000 என்றால், வருடத்துக்கு 15,000 வீதம் ஐந்து வருடத்துக்கு 75,000. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்திருக்கின்றன. அதில் படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் சம்பளமாகவே கணக்கு. பேசிக்கைக் குறைத்துக் காட்டும் கம்பெனிகளில் இருந்தவர்களுக்கு இது லாபம். நிரந்தரமாக இல்லாமல் குறிப்பிட்ட காலத்துக்கு என்று வேலையில் சேர்ந்தவர்களுக்கு இப்போது ஒரு வருடமே போதும். முதலில் கம்பெனிக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். 30 நாளில் தராவிட்டால் தொழிலாளர் துறையில் இதற்கென இருக்கும் அதிகாரியிடம் மனு. வட்டியும் கேளுங்கள்.

கேள்வி: ஜவுளிக் கடையில் வேலை. கூட்டம் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது என்கிறார்கள். (மதுரை)

உட்காரலாம். 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்ததே இதற்காகத்தான். வேலைக்கு இடையில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார எல்லா ஊழியருக்கும் இருக்கை போட வேண்டும். உங்கள் பெயர் தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்தால், கடையின் பெயர் முகவரியை மட்டும் எழுதித் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குத் தபாலில் போடுங்கள்.