நாலு மாதக் கர்ப்பம், முகமெல்லாம் பரு: வீட்டில் கிடக்கும் க்ரீமைப் போடலாமா?

கேள்வி கேட்ட தங்கச்சிக்கு தேவிபட்டினம் பக்கம். நாலாம் மாதம் நடக்கிறது. முகத்திலும் முதுகிலும் பரு கிளம்பிவிட்டது. கல்யாணத்துக்கு முன்பு போட்டுக்கொண்டிருந்த ஒரு ட்யூபும், அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்த ஒரு க்ரீம் டப்பாவும் அலமாரியில் இருக்கின்றன. இரண்டில் எதையாவது போடலாமா என்று கேட்டிருக்கிறார்.

நான் மண்டபம் பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப்பில் பார்மசிஸ்ட். இரண்டு பிள்ளை பெற்றவள். இளையவன் வயிற்றில் இருந்தபோது எனக்கும் தாடை முழுக்கப் பரு. டாக்டர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் எந்த ட்யூபுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் என் அன்றாட வேலை.

துபாய் டப்பா வேண்டவே வேண்டாம். பழைய ட்யூபைத் திருப்பி, பின்பக்கம் என்ன அச்சடித்திருக்கிறது என்று படித்துவிட்டுத்தான் அதைப் பற்றிச் சொல்ல முடியும். பருவால் வயிற்றுப் பிள்ளைக்கு ஒரு கெடுதலும் கிடையாது. பருவை விரட்டுகிற அவசரத்தில் நாம் பூசுவதும் விழுங்குவதும்தான் பயப்பட வேண்டிய விஷயம்.

கர்ப்பத்தில் ஹார்மோன் ஏறும்போது தோலுக்கடியில் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் கூடுதலாகச் சுரக்கும். அந்த எண்ணெயும் உதிர்ந்த தோலும் சேர்ந்து மயிர்க்காலை அடைக்கும், உள்ளே கிருமி பெருகும், சிவந்து வீங்கும். மாதவிலக்குக்கு முன்னால் பரு வருகிற உடம்பு என்றால் இப்போதும் வர வாய்ப்பு அதிகம். சிலருக்குப் பாதியிலேயே அடங்கிவிடும், சிலருக்குக் கடைசி மூன்று மாதத்தில் இன்னும் கிளம்பும். மாமியார் வீட்டில் "சூடு", "கருவாடு தின்ன கொழுப்பு" என்பார்கள். அதைக் கேட்டு மீனை நிறுத்திவிடாதீர்கள். சூடை, சாளை, காரல் எல்லாம் பிள்ளைத்தாய்ச்சிக்கு நல்ல சாப்பாடு. கருவாட்டில் உப்பு அதிகம், பிரஷர் இருப்பவர்கள் மட்டும் கையைக் குறைக்க வேண்டும். சுறாவைப் பிரசவம் வரை தள்ளி வையுங்கள். மற்ற மீனைத் தின்று வளர்கிற மீன் அது, உடம்பில் பாதரசம் சேர்ந்துகொண்டே போகும். சத்து மாத்திரையால்தான் பரு வருகிறது என்று சொல்லி அயர்ன் மாத்திரையை ஜன்னல் வழியாக எறிகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

பாதரசம் என்றதும் துபாய் டப்பாவுக்கு வந்துவிடலாம். கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று நம் கரையோரத்தில் வளைகுடாவுக்கு ஆள் போகாத தெரு ஏது? பெட்டியைத் திறந்தால் சென்ட்டு, தைலம், பேரீச்சம்பழம், கூடவே முகம் வெளுக்கிற க்ரீம். இந்த மாதிரி வெளுக்கிற க்ரீம்கள் சிலவற்றில் பாதரச உப்பைக் கலக்கிறார்கள். தோலில் கருமை உண்டாவதை அது தடுக்கும், அதனால் முகம் வெளுத்த மாதிரி தெரியும். பாதரசத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் போட்டுக்கொண்ட மினமாட்டா உடன்படிக்கை முன்பு பத்து லட்சத்தில் ஒரு பங்கு வரை விட்டுவைத்திருந்தது. 2025-க்குப் பிறகு அந்த அளவும் கிடையாது, பாதரசம் சேர்த்த அழகு சாதனத்தைத் தயாரிக்கவே கூடாது. ஆனாலும் பேர் ஊர் இல்லாத டப்பாக்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. பாதரசம் தோல் வழியாக ரத்தத்தில் ஏறும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்கும் போகும். ஒரே துண்டில் முகம் துடைக்கிற மற்ற பிள்ளைகளுக்கும் ஒட்டும்.

அடையாளம் பார்க்க வேண்டுமென்றால் டப்பாவில் மெர்குரி, கலோமெல், மெர்க்குரஸ் குளோரைடு, அம்மோனியேட்டட் மெர்குரி என்று எதாவது இருக்கிறதா பாருங்கள். என்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற பட்டியலே இல்லையென்றால் அதுவே போதுமான அடையாளம். "தங்கம், வெள்ளி நகையில் படாமல் பார்த்துக்கொள்ளவும்" என்று ஒரு வரி இருந்தால் சந்தேகமே வேண்டாம், பாதரசம் தங்கத்தைப் பிடிக்கும் என்பது நம் ஊர்ப் பத்தருக்குக்கூடத் தெரியும்.

பாதரசம் இல்லாத டப்பாவிலும் பல சமயம் ஸ்டீராய்டு ஒளிந்திருக்கும். க்ளோபெட்டசால், பெட்டாமெத்தசோன், மொமெட்டாசோன் என்ற பெயர்கள். பூசின கொஞ்ச நாளில் முகம் பளிச்சென்று ஆகும், பரு அமுங்கும், பக்கத்து வீட்டு மதினியும் "என்ன போடுற?" என்று கேட்பாள். நிறுத்தினால் முன்னைவிட மோசமாகக் கிளம்பும், தோல் மெலிந்து ரத்த நாளம் தெரியும். 2018-லேயே இந்த வகை ஸ்டீராய்டு க்ரீம்களைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு சொல்லிவிட்டது. இருந்தும் ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினோயின், மொமெட்டாசோன் மூன்றும் கலந்த ட்யூபை முகம் வெளுக்கிற க்ரீமாக நினைத்துச் சாமான் சிட்டையில் எழுதி அனுப்புகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. கர்ப்பிணிக்கு அந்த மூன்றில் ஒன்றுகூட வேண்டாதது: ஹைட்ரோகுயினோன் பூசினதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உடம்புக்குள் போகும், ட்ரெட்டினோயின் வைட்டமின் ஏ வகை (அது ஏன் கூடாது என்று கீழே சொல்கிறேன்), ஸ்டீராய்டைப் பற்றிச் சொல்லியாகிவிட்டது.

இனி அந்தப் பழைய ட்யூப். போன கச்சான் காற்று சமயத்தில் ஒரு பெண் கடைக்கு வந்தாள். அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டி நசுக்கின ட்யூபை மேசையில் வைத்து, "அக்கா, இதே மாதிரி ஒண்ணு குடுங்க, முழுகாம இருக்கேன், இது ஒண்ணும் செய்யாதுல்ல?" என்றாள். மேலே கிளின்டாமைசின் என்பது மட்டும் தெரிந்தது. மடிப்பை நகத்தால் நீவி விரித்துப் பார்த்தால் அடுத்த வரியில் அடாபலின் 0.1 சதவீதம். இங்கேதான் நிறைய பேர் தடுக்கி விழுகிறார்கள். கிளின்டாமைசின் ஜெல் தனியாக வரும், நிகோட்டினமைடு சேர்த்து வரும், பென்சாயில் பெராக்சைடு சேர்த்து வரும், அடாபலின் சேர்த்தும் வரும். ஒரே கம்பெனி, ஒரே நிறம், பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்துதான் வித்தியாசம். முதல் மூன்றையும் கர்ப்பத்தில் டாக்டர்கள் எழுதுகிறார்கள். அடாபலின் இருக்கிறதை எழுத மாட்டார்கள்.

அடாபலின், ட்ரெட்டினோயின், டசரோட்டீன் மூன்றும் அந்த வைட்டமின் ஏ வகைக் குடும்பம். அதே குடும்பத்து மாத்திரை ஐசோட்ரெட்டினோயின். அதுதான் மிக ஆபத்தானது. பிள்ளையின் காது, முகம், இதயம், மூளை எல்லாவற்றிலும் குறை உண்டாக்கும் என்று நன்றாகவே நிரூபணமான மருந்து. நிறுத்தி ஒரு மாதம் கழித்துத்தான் கருத்தரிக்கவே வேண்டும். பூசுகிற ஜெல் உடம்புக்குள் போவது மிகக் குறைவு. அதனால் கர்ப்பம் என்று தெரியாமல் அடாபலின் பூசியிருந்தால் பதற வேண்டாம், நிறுத்திவிட்டு அடுத்த செக்கப்பில் சொல்லுங்கள். மாத்திரை சாப்பிட்டிருந்தால் செக்கப் நாள் வரை காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே போங்கள்.

டாக்ஸிசைக்ளின், மினோசைக்ளின் மாத்திரைகளும் கிடையாது. பாதிக் கர்ப்பத்துக்கு மேல் சாப்பிட்டால் பிள்ளையின் பல் மஞ்சளாகும், எலும்பு வளர்ச்சியிலும் கை வைக்கும். நீர்க்கட்டிக்காக ஸ்பைரனோலாக்டோன் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும், ஆண் பிள்ளையின் உறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது.

சரி, எதைத்தான் போடுவது? நான் முதலில் சொல்வது அசெலாயிக் ஆசிட். 10, 15, 20 சதவீதத்தில் வருகிறது. கர்ப்பத்தில் போடலாம், பருவும் குறையும், பரு விட்டுப்போகிற கறுப்புத் தழும்பும் மங்கும். நம் ஊர் மாநிறத்துக்குப் பருவைவிட அந்தத் தழும்புதானே பெரிய கவலை. ஆரம்பத்தில் சுருசுருவென்று அரிக்கும், பழகிவிடும். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம்கூட ஆகும். அந்தப் பொறுமை இல்லாமல்தான் எல்லாரும் ஸ்டீராய்டுக்கு ஓடுகிறார்கள்.

அடுத்தது பென்சாயில் பெராக்சைடு, 2.5 சதவீதம் போதும். வீரியம் கூடினதை வாங்கினால் எரிச்சல்தான் கூடும். பூசினதில் ஏறத்தாழ 5 சதவீதம்தான் உள்ளே போகும், அதுவும் பென்சாயிக் ஆசிடாக மாறிச் சிறுநீரில் போய்விடும். ஒரு தொந்தரவு உண்டு: தலையணை உறை, துண்டு, ரவிக்கைக் கழுத்து எல்லாம் வெள்ளை வெள்ளையாக வெளுத்துவிடும். சாலிசிலிக் ஆசிட் 2 சதவீத ஃபேஸ் வாஷ் கழுவிவிடுகிற சமாச்சாரம், பரவாயில்லை. பார்லரில் செய்கிற வீரியமான பீல் வேண்டாம். சீழ் கட்டின பெரிய கட்டிகள், தழும்பு விழுகிற பரு என்றால் க்ரீமோடு நிற்காது. எரித்ரோமைசின், செஃபாலெக்சின் மாதிரி கர்ப்பத்தில் கொடுக்கிற ஆன்டிபயாட்டிக் இருக்கிறது. அது டாக்டர் சீட்டில் மட்டும்தான், என் மாதிரி ஆள் எடுத்துக் கொடுக்கிறதில்லை.

நம் கரையில் கூடுதலாக ஒரு பாடு, தண்ணீர். போர் தண்ணீர் கரித்துக்கொண்டிருக்கும், சோப்பு நுரைக்காது, வழவழப்பு முகத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். வாசனை இல்லாத மைல்டு க்ளென்ஸர் வாங்கி, கடைசியாக ஒரு செம்பு காவிரித் தண்ணீரில் கழுவுங்கள். காலை, மாலை இரண்டு தடவை போதும். கடலில் பாசி எடுக்க இறங்குகிறவர்கள், வலையில் மீன் கழிக்கிறவர்கள், கருவாடு காயப்போடுகிறவர்கள் வேலை முடிந்ததும் உப்பும் வியர்வையும் போக ஒரு தடவை சேர்த்துக் கழுவலாம். பாசிக்குப் போகிறவர்கள் முகத்தில் துணி கட்டுவது வெயிலுக்கு நல்லதுதான், ஆனால் உப்பேறின அதே துணியை அலசாமல் மறுநாளும் கட்டினால் தாடையில் பரு நிச்சயம். வெயிலில் இந்த நேரத்தில் கன்னத்தில் மங்கு என்கிற கருந்திட்டும் விழும். ஜிங்க் ஆக்சைடோ டைட்டானியம் டை ஆக்சைடோ உள்ள எஸ்பிஎஃப் 30 சன்ஸ்க்ரீன் பூசுங்கள். தலைக்கு எண்ணெய் வழிய வழிய வைத்துக்கொண்டு படுத்தால் நெற்றிப் பரு போகாது.

கை வைத்தியம்: எலுமிச்சம்பழம் வேண்டாம், வெயிலில் தோல் வெந்துபோகும். பற்பசை வேண்டாம். மஞ்சளை லேசாகப் பூசினால் கெடுதல் இல்லை, சீழ் வைத்த பருவின் மேல் அப்ப வேண்டாம். வேப்பங்கொழுந்தை அரைத்து உருண்டையாக விழுங்குவது கர்ப்பத்தில் வேண்டாம். நாட்டு மருந்துக் கடையில் செந்தூரம், பற்பம் என்று பொட்டலம் கட்டிக் கொடுத்தால் சித்த மருத்துவரிடம் காட்டாமல் வாயில் போடாதீர்கள், சிலவற்றில் ரசம், அதாவது பாதரசம், சேரும். நுங்கைத் தேய்ப்பது பருவுக்கு ஒன்றும் செய்யாது, வேர்க்குருவுக்குக் குளிர்ச்சி. நீங்கள் சொல்கிற முதுகுப் பரு பாதி வேர்க்குருவாகவே இருக்கலாம். பொடிப்பொடியாக, ஒரே அளவில், குத்துகிற மாதிரி அரித்தால் அதுதான். பருத்தி ரவிக்கையைத் தளர்வாகப் போட்டு, வியர்வை காயவிடாமல் குளித்தால் அடங்கும்.

பருவோடு பருவாகச் சாதாரணமாக விட்டுவிடக் கூடாத இரண்டைச் சொல்லியாக வேண்டும். காய்ச்சலோடு நீர்க் கொப்புளம் கிளம்பினால் அது அம்மையாக இருக்கலாம். வேப்பிலை கட்டுங்கள், விரதம் இருங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் கர்ப்பிணிக்கு அம்மை நுரையீரல் வரை போகும், அதனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டும். முதல் நாளே மருந்து ஆரம்பித்தால்தான் நன்றாகக் கேட்கும். இன்னொன்று, கடைசி மாதங்களில் உள்ளங்கை, உள்ளங்காலில் ராத்திரி தூங்க விடாத அரிப்பு. தோலில் எதுவுமே தெரியாது. அது ஈரலில் பித்தநீர் தேங்குவதாக இருக்கலாம், பிள்ளைக்கு ஆபத்து, ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

தோல் டாக்டருக்குத் தனியாரிடம்தான் போக வேண்டும் என்றில்லை. ராமநாதபுரத்தில் 2022-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, பெரியாஸ்பத்திரியில் காட்டலாம். போகும்போது கர்ப்பகால அட்டையையும், வீட்டில் இருக்கிற எல்லா ட்யூபையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ஊர் நர்ஸம்மாவிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

பரு வந்து முகம் வாடினால் பெண் பிள்ளை என்று உங்கள் வீட்டிலும் யாராவது ஆரம்பித்திருப்பார்கள். எனக்கு முகமெல்லாம் பரு வந்து பிறந்தவன் பையன். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, சிரித்துவிட்டுப் போங்கள்.

பிரசவத்துக்குப் பிறகு ஹார்மோன் இறங்க இறங்கப் பெரும்பாலானவர்களுக்குப் பரு குறைந்துவிடும். குறையவில்லையென்றால் அசெலாயிக் ஆசிடையும் பென்சாயில் பெராக்சைடையும் பால் கொடுக்கும்போதும் தொடரலாம். பிள்ளையின் வாயும் கன்னமும் படுகிற மார்புப் பக்கம் மட்டும் பூச வேண்டாம். ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை பால் மறக்கடிக்கும் வரை கிடையாது.