கல்யாண கேசட்டையும் ஹேண்டிகேம் டேப்பையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவது எப்படி?

கேள்வி: வீட்டில் 1996-ல் எடுத்த கல்யாண வி.எச்.எஸ் கேசட்டும், அப்புறம் ஹேண்டிகேமில் எடுத்த மினிடிவி (MiniDV) டேப்புகளும் உள்ளன. ஒரு யு.எஸ்.பி கேப்சர் டிவைஸ் வாங்கினால் இரண்டையும் ஏற்றிவிடலாமா?

ஏற்றலாம். ஆனால் மினிடிவி டேப்பை மட்டும் தயவுசெய்து அப்படி எடுக்காதீர்கள். அதில் பதிந்திருப்பதே டிஜிட்டல்தான். மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர் வழியாக எடுத்தால் கேமரா அதை அனலாகாக்கி அனுப்பும், டிவைஸ் மறுபடி டிஜிட்டலாக்கும். நடுவில் நிறமும் கூர்மையும் வீணாகப் போகும்.

கேமராவின் ஓரத்தில், மூடிக்குள், நான்கு பின் உள்ள சின்னத் துளை இருக்கும். அதுதான் ஃபயர்வயர், சோனியில் ஐ-லிங்க் என்று எழுதியிருக்கும். அதில் எடுத்தால் டேப்பில் உள்ளது அப்படியே கோப்பாக வரும். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி பிடிக்கும். டெஸ்க்டாப்பில் ஃபயர்வயர் கார்டு போட்டுக்கொள்ளலாம். விண்டோஸ் 10, 11 என்றால் பழைய 'லெகசி' டிரைவர் தேவைப்படலாம். எடுக்க வின்டிவி (WinDV) என்ற மென்பொருள் போதும், இலவசம். ஒரு முனை யு.எஸ்.பி, மறுமுனை ஃபயர்வயர் என்று விற்கிற மலிவு ஒயர் வேலைக்கு ஆகாது, வாங்காதீர்கள். செருகும்போது கேமரா ஆஃபில் இருக்கட்டும். கார்டு பக்கத்து ஆறு பின் முனையைத் தலைகீழாக வைத்து அழுத்தினால் கேமராவின் போர்ட் போய்விடும்.

இனி கல்யாண கேசட். எல்லோரும் டிவைஸைப் பற்றியே கேட்கிறார்கள், நான் முதலில் கேசட்டை ஓட்டும் டெக்கை, அதாவது வி.சி.ஆரைப் பார்க்கச் சொல்வேன். கடைசியாக வி.சி.ஆர் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. ஆக, பழைய டெக்தான் கிடைக்கும். அதில் டேப்பைப் படிக்கும் ஹெட்டைச் சுத்தம் செய்து, தேவையில்லாத ஒரு கேசட்டை ஓட்டிப் பார்த்துவிட்டு உங்களுடையதைப் போடுங்கள். கேசட்டின் ஜன்னல் வழியாகப் பாருங்கள்: சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது பூஞ்சை. அதைப் போடவே கூடாது. ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். டேப் சுத்தம் செய்பவரிடம் கொடுங்கள்.

டெக் அனுப்பும் சிக்னல் சீராக இருக்காது. மலிவு டிவைஸ்கள் அதில் ஃபிரேம்களை விட்டுவிடும். போகப் போகச் சத்தமும் உதடும் பிரியும். கல்யாண கேசட்டில் பாதிக்கு மேல் சினிமாப் பாட்டுதான் ஓடும் என்றாலும், பாட்டு நிற்கிற இடத்தில் பெரியவர்கள் பேசுவது கேட்குமே, அது கெடக்கூடாது. உங்கள் ஹேண்டிகேம் மெனுவில் 'ஏ/வி → டிவி அவுட்' (A/V → DV OUT) இருக்கிறதா பாருங்கள். இருந்தால் டெக்கிலிருந்து கேமராவுக்கு ஏ.வி ஒயர், அங்கிருந்து கம்ப்யூட்டருக்கு ஃபயர்வயர். கேமராவே மாற்றிக் கொடுக்கும், சத்தமும் பெரும்பாலும் படத்தோடு சேர்ந்தே வரும். எல்லா மாடலிலும் இது கிடையாது. இல்லாவிட்டால்தான் யு.எஸ்.பி டிவைஸ்; அப்போது பால் (PAL, நம் ஊர் டிவி முறை), 720×576, நொடிக்கு 25 ஃபிரேம் என்று வையுங்கள்.

படத்தின் அடியில் ஒரு பட்டை நடுங்கும். டெக்கில் ஹெட் மாறும் இடம் அது. பழைய டிவியில் ஓரத்தில் மறைந்திருந்தது. பயப்பட வேண்டாம், வெட்டவும் வேண்டாம். அசையும் இடத்தில் சீப்புப் பல் போல் கோடு தெரிந்தால் அது இன்டர்லேஸ், அதாவது ஒவ்வொரு ஃபிரேமையும் ஒன்றுவிட்ட வரிகளாக இரண்டு பாதியாகப் பதியும் முறை. ஏற்றும்போதே அதை நீக்காமல், அசல் கோப்பை இரண்டு ஹார்டு டிஸ்க்கில் வைத்துவிட்டு, நகலில் மட்டும் அந்தப் பாதிகளை நொடிக்கு 50 முழு ஃபிரேமாக டீஇன்டர்லேஸ் செய்து எம்பி4 ஆக்குங்கள். சொந்தக்காரர்களுக்கு அதை அனுப்பினால் போதும்.