கல் அறுக்கும் ரம்பத்தின் தொட்டியில் எந்த எண்ணெய் ஊற்றுவது?

கேள்வி: அகேட், ஜாஸ்பர் போன்ற கற்களைத் தகடுகளாக அறுப்பதற்காக, 14 அங்குல வைர பிளேடு போட்ட பழைய ரம்பம் ஒன்றை வாங்கியிருக்கிறேன். எண்ணெய்த் தொட்டி காலி. அடியில் சேறு காய்ந்து கெட்டியாகக் கிடக்கிறது. டீசலையும் பழைய இன்ஜின் ஆயிலையும் கலந்து ஊற்றித்தான் ஓட்டினேன் என்கிறார் விற்றவர். பேபி ஆயிலே போதும் என்கிறார் இன்னொருவர். பேசாமல் தண்ணீரையே ஊற்றிவிடலாமா என்றும் தோன்றுகிறது. எந்த எண்ணெயை, எவ்வளவு வாங்க வேண்டும்?

பதில்: டீசல் கலவை வேண்டாம். நீங்கள் தேட வேண்டியது நன்றாகச் சுத்திகரித்த, மெல்லிய மினரல் ஆயில். கடைகளில் ஒயிட் ஆயில், லைட் மினரல் ஆயில், கல் ரம்ப எண்ணெய், கூலன்ட் என்று பல பெயர்களில் கிடைக்கும். பெயரை வைத்து முடிவு செய்ய வேண்டாம். ஒவ்வொரு எண்ணெய்க்கும் தயாரிப்பாளர் தரும் தொழில்நுட்பத் தாள் ஒன்று உண்டு. அதில் இரண்டு எண்களைப் பாருங்கள்: 40 டிகிரி செல்சியஸில் பாகுத்தன்மை (எண்ணெய் எவ்வளவு கெட்டி என்பது) எவ்வளவு, ஃபிளாஷ் பாயின்ட் (அதன் ஆவி பற்றக்கூடிய வெப்பநிலை) எவ்வளவு. முதலாவது 10 முதல் 20 சென்டிஸ்டோக்ஸுக்குள் இருக்கட்டும். இரண்டாவது 140 டிகிரிக்குக் குறையாமல் இருக்கட்டும், 150-ஐத் தாண்டினால் இன்னும் நல்லது.

அதற்கு முன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ரம்பம் எண்ணெய்க்காகவே செய்யப்பட்டதுதானா? பிளேடின் மேல் முழுதாக மூடும் மூடி, கல்லைப் பிடிக்கும் கிடுக்கி, தானாக நகர்த்தும் திருகு எல்லாம் இருந்தால் அநேகமாக அப்படித்தான். டைல்ஸ் வெட்டும் ரம்பமாக இருந்தால் எண்ணெய் ஊற்றவே கூடாது. அது வேகமாகச் சுற்றும், மூடியும் அரைகுறை. எண்ணெயைப் புகையாக அறை முழுக்கத் தெளிக்கும், மோட்டாருக்குள்ளும் இழுத்துக்கொள்ளும்.

சரி, இந்த இரண்டு எண்களுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? எண்ணெய் பிளேடுக்கு வழுவழுப்பு தருவதற்கு மட்டும் இல்லை. வைரத்துகள் கல்லைச் சுரண்டும் இடத்தில் கிளம்பும் சூட்டை அது இழுத்துக்கொள்ள வேண்டும். அரைபட்ட கல் மாவை வெட்டின் இடுக்கிலிருந்து கழுவி வெளியே தள்ள வேண்டும். பிளேடின் எஃகு துருப்பிடிக்காமல் காக்க வேண்டும். அப்புறம், தொட்டிக்குத் திரும்பியதும் அந்த மாவைக் கீழே இறக்கிவிட வேண்டும். கடைசி வேலையைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. மெல்லிய திரவத்தில் துகள் வேகமாகக் கீழே இறங்கும். பாகுத்தன்மை பாதியானால் இறங்கும் வேகம் இரண்டு மடங்காகும். கெட்டியான எண்ணெயில் மாவு மிதந்துகொண்டே இருக்கும், பிளேடு அதையே மறுபடி மறுபடி வெட்டுக்குள் கொண்டுபோகும்.

அப்படியானால் மண்ணெண்ணெய் இன்னும் மெல்லியதாயிற்றே, அது ஏன் ஆகாது என்று கேட்பீர்கள். வெட்டுவதற்கு அது உண்மையிலேயே நன்றாக வேலை செய்யும். அந்தக் காலத்துக் கல் அறுப்பவர்கள் மண்ணெண்ணெயையும் டீசலையும் விடாமல் பயன்படுத்தியதற்குக் காரணம் அதுதான். சிக்கல் ஃபிளாஷ் பாயின்ட்டில் இருக்கிறது. ஒரு திரவத்தின் மேலே எழும் ஆவி, நெருப்பு பட்டால் பற்றும் அளவுக்குச் சேரும் மிகக் குறைந்த வெப்பநிலைதான் ஃபிளாஷ் பாயின்ட். மண்ணெண்ணெய்க்கு அது 38 டிகிரிக்குச் சற்று மேலே தொடங்குகிறது. டீசலுக்குப் பெரும்பாலும் 50, 60 டிகிரி அளவில் இருக்கும். நாள் முழுக்க ஓடிய ரம்பத்தின் தொட்டி 38 டிகிரியைத் தொடுவது பெரிய விஷயமே இல்லை.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஃபிளாஷ் பாயின்ட்டைத் தேங்கி நிற்கும் திரவத்தை வைத்துத்தான் அளக்கிறார்கள். சுற்றும் பிளேடோ எண்ணெயை நுண்ணிய துளிகளாக உடைத்துக் காற்றில் கலக்கிறது. அப்படிப் பனிபோல மிதக்கும் எண்ணெய், ஃபிளாஷ் பாயின்ட்டுக்குக் கீழேயும் பற்ற முடியும். மூடிக்குள் அந்தப் புகை நிறைந்திருக்கும்போது பிளேடில் ஒரு பொறி கிளம்பினால் போதும். அதனால்தான் இந்த எண்ணில் தாராளமான இடைவெளி வேண்டும் என்கிறேன். டீசலோடு கெட்டி ஆயிலைக் கலந்துவிட்டால் ஆபத்து குறைந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். கலவை எப்போது பற்றும் என்பதை அதிலுள்ள லேசான பொருள்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

தாளில் ஃபிளாஷ் பாயின்ட் பக்கத்தில் 'மூடிய கிண்ணம்' அல்லது 'திறந்த கிண்ணம்' என்று அளந்த முறையும் இருக்கும். திறந்த கிண்ணத்தில் பொதுவாக எண் சற்றுக் கூடுதலாக வரும். இரண்டு எண்ணெய்களை ஒப்பிடும்போது ஒரே முறையில் அளந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பக்கம் நுரையீரல். இந்த எண்ணெயைக் கொஞ்சமாவது நீங்கள் மூச்சில் இழுக்கத்தான் போகிறீர்கள், கையெல்லாம் பூசிக்கொள்ளவும் போகிறீர்கள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, சுத்திகரிக்காத மற்றும் அரைகுறையாகச் சுத்திகரித்த மினரல் ஆயில்களை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. முழுமையாகச் சுத்திகரித்தவை அந்தப் பிரிவில் இல்லை. ஒரே பெட்ரோலியக் குடும்பம்தான், ஆனால் சுத்திகரிப்பு இவ்வளவு வித்தியாசம் செய்கிறது. ஓடி முடிந்த இன்ஜின் ஆயிலில் எரிந்த எரிபொருளின் கழிவெல்லாம் சேர்ந்திருக்கும்; அதைத் துளித்துளியாக்கி முகத்துக்கு நேரே தெளித்துக்கொள்வதில் எந்தச் சிக்கனமும் இல்லை. பாதுகாப்புத் தரவுத் தாளில் 8042-47-5 என்ற சி.ஏ.எஸ். எண் (ரசாயனப் பொருள்களுக்குத் தரும் அடையாள எண்) இருந்தால் அது ஒயிட் மினரல் ஆயில். வாங்கும்போது நான் முதலில் தேடுவது இந்த எண்ணைத்தான்.

அதே தாளில் 'விழுங்கி மூச்சுக்குழாய்க்குள் போனால் உயிருக்கு ஆபத்து' என்ற எச்சரிக்கையையும் பார்ப்பீர்கள். பயந்து வேறு எண்ணெய்க்கு ஓட வேண்டாம். பாகுத்தன்மை 20.5 சென்டிஸ்டோக்ஸுக்கு மேல் போகாத எந்தப் பெட்ரோலிய எண்ணெய்க்கும் இந்த வாசகம் பொதுவாக இருக்கும், ஏனென்றால் மெல்லிய எண்ணெய் நுரையீரலுக்குள் எளிதில் வழிந்துவிடும். குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். குடிதண்ணீர் பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள்.

இனி பேபி ஆயில். அது மினரல் ஆயிலும் வாசனையும் சேர்ந்தது. 4, 5 அங்குலச் சின்ன ரம்பத்துக்குப் போதும். உங்கள் 14 அங்குலத் தொட்டிக்குச் சின்னச் சின்ன பாட்டில்களாக வாங்கி ஊற்றினால் காசும் கரையும், பட்டறையும் வாசனையில் திணறும். மலமிளக்கியாக விற்கும் மருந்துக்கடை மினரல் ஆயில் சுத்தமானதுதான், ஆனால் பெரும்பாலும் கெட்டி ரகம். அமெரிக்க மருந்தியல் தர நூலின்படி வெறும் 'மினரல் ஆயில்' என்றாலே 40 டிகிரியில் 34.5 சென்டிஸ்டோக்ஸுக்குக் குறையக் கூடாது. 'லைட் மினரல் ஆயில்' என்பது அதற்குக் கீழே. ஆகவே லேபிளில் அந்த 'லைட்' இருக்கிறதா என்று பாருங்கள். உணவுத் தரம், மருந்துத் தரம் என்பவை சுத்தத்தைத்தான் சொல்கின்றன, பாகுத்தன்மையைச் சொல்வதில்லை.

ஹைட்ராலிக் ஆயில் இரண்டாம்பட்சம். அதில் வி.ஜி. 32, வி.ஜி. 46 என்று இருக்கும் எண்ணே 40 டிகிரியில் அதன் சென்டிஸ்டோக்ஸ் அளவு. எளிதாகக் கிடைக்கும் இந்த இரண்டுமே உங்களுக்குக் கெட்டி. 15 அல்லது 22 கிடைத்தால் சமாளிக்கலாம், ஆனால் தேய்மானத் தடுப்புக்காகச் சேர்த்த துத்தநாக ரசாயனங்களும் கூடவே வரும். புது இன்ஜின் ஆயில் இன்னும் கெட்டி. அழுக்கைப் படியவிடாமல் மிதக்க வைக்கும் பொருளை வேறு அதில் சேர்த்திருப்பார்கள். இன்ஜினுக்கு அது நல்லது. கல் மாவு கீழே இறங்க வேண்டிய தொட்டிக்கு நேர் எதிர். லேத் பட்டறைக் கட்டிங் ஆயிலில் கந்தகம் சேர்த்த ரகங்களை விட்டுவிடுங்கள். பல வைர பிளேடுகளில் துகள்களைப் பிடித்திருப்பது வெண்கலம். கந்தகம் செம்புக் கலவைகளைக் கறுக்க வைத்து அரிக்கும்.

சமையல் எண்ணெய் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. மெதுவாகப் பிசின்போல இறுகி நாறும்.

டிரான்ஸ்ஃபார்மர் ஆயிலை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். சீல் உடைக்காத புது மினரல் டிரான்ஸ்ஃபார்மர் ஆயிலின் எண்கள் நமக்குக் கிட்டத்தட்ட கச்சிதமாகப் பொருந்தும்: 12 சென்டிஸ்டோக்ஸுக்கு மேல் போகாது, ஃபிளாஷ் பாயின்ட் 135-க்குக் குறையாது. பாதுகாப்புத் தாளில் புற்றுநோய் எச்சரிக்கை இல்லையென்றால் தாராளமாக யோசிக்கலாம். ஆனால் பழைய டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வடித்ததை யாராவது சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். பி.சி.பி. என்ற நச்சுப் பொருள் அதில் கலந்திருக்கலாம். 2001-இல் கையெழுத்தான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் ஒழிக்க வேண்டியவை என்று பட்டியலிட்ட பொருள்களில் அதுவும் ஒன்று. கண்ணால் பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்க முடியாது.

தண்ணீர் தப்பில்லை, இடம் வேறு. டர்க்காய்ஸ், ஓப்பல், கிரிஸோகோலா போன்ற நுண்துளைக் கற்களை எண்ணெயில் அறுத்தால் எண்ணெய் உள்ளே போய் நிறம் மாறிவிடும், முழுதாக வெளியே எடுக்கவும் முடியாது. அவற்றுக்குத் தண்ணீரில் ஓடும் சின்ன ரம்பம்தான் சரி. பிறகு சாயம் ஏற்றப்போகும் அகேட்டுக்கும் எண்ணெய் ஆகாது. சாயம் போக வேண்டிய துளைகளை அது அடைத்துக்கொள்ளும். ஆனால் 14 அங்குல ரம்பத்தில் தண்ணீர் ஊற்றினால் வழுவழுப்பு குறையும், பிளேடு சீக்கிரம் தேயும், தினமும் வடித்துத் துடைக்காவிட்டால் திருகும் கிடுக்கியும் துருப்பிடிக்கும். துரு தடுக்க காரில் ஊற்றும் ஆன்டிஃப்ரீஸைக் கலப்பவர்கள் உண்டு. அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் விஷம், தித்திப்பாகவும் இருக்கும். வீட்டில் நாய், பூனை இருந்தால் நினைக்கவே வேண்டாம்.

எவ்வளவு வாங்குவது என்பதற்குத் தொட்டியை அளந்துவிடுங்கள். நீளம், அகலம், எண்ணெய் நிற்க வேண்டிய ஆழம் மூன்றையும் செ.மீ.-இல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர் வரும். 60 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம், 10 செ.மீ. ஆழம் என்றால் 21 லிட்டர். பிளேடின் அடி விளிம்பு ஒன்றிலிருந்து இரண்டு செ.மீ. மூழ்கினால் போதும், அதற்கு மேல் போனால் வாரி இறைக்கும். அறுத்த ஒவ்வொரு தகடும் கொஞ்சம் எண்ணெயை ஒட்டிக்கொண்டு போகும் என்பதால், கணக்கில் வந்ததைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். கணக்கு பெரிதாக வந்து மலைப்பாக இருந்தால் ஒரு வழி உண்டு: பிளேடு படாத மூலைகளில் செங்கல்லோ கருங்கல்லோ அடுக்கினால் அந்த அளவுக்கு எண்ணெய் மிச்சம். பிளேடுக்கு நேர் கீழே மட்டும் காலியாக விடுங்கள், சேறு இறங்க இடம் வேண்டும்.

ஊற்றுவதற்கு முன் அந்தக் காய்ந்த சேற்றை எடுக்க வேண்டும் இல்லையா? அப்படியே சுரண்டாதீர்கள். அகேட், ஜாஸ்பர் எல்லாமே சிலிக்கா. அந்தத் தூசி நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ் வரும், வந்தால் போகாது. வாங்கிய எண்ணெயில் கொஞ்சம் ஊற்றி ஊறவிட்டு, ஈரமாகவே வழித்தெடுங்கள். சுவாசக் கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். பழைய டீசல் கலவையின் ஈரம் எங்கும் மிஞ்சக் கூடாது.

ஓட ஆரம்பித்ததும் மூடியைத் திறக்காதீர்கள். நிறுத்திய பிறகும் சில நிமிடங்கள் விட்டு, புகை அடங்கியதும் திறங்கள். மூடியின் இடுக்குகளில் புகை கசிந்துகொண்டே இருந்தால் எண்ணெய் மிகவும் மெல்லியது, அல்லது மட்டம் அதிகம். பிளேடில் பொறி தெரிந்தால் எண்ணெயைக் குறை சொல்லும் முன் பிளேடைப் பாருங்கள். மழுங்கியிருக்கலாம், மென்மையான சாணைக்கல் துண்டு ஒன்றை இரண்டு மூன்று முறை அறுத்தால் புது வைரத்துகள் வெளியே வரும்.

வாங்கிய எண்ணெய் வருடக்கணக்கில் வரும். வாரம் ஒரு முறை ஒரு குச்சியை விட்டு அடிச்சேற்றின் உயரத்தைப் பாருங்கள். பிளேடின் விளிம்பை நெருங்குவதற்குள் வடித்து, வாளியில் சில நாள் அசையாமல் வைத்தால் மேலே தெளிந்துவிடும். தெளிந்ததை மெல்ல இறுத்துக்கொள்ளலாம், மிச்சத்தைப் பழுப்புக் காகிதப் பை வழியாக வடிகட்டலாம். மெதுவாகத்தான் சொட்டும், ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. கழுவிய கல்லை ஈரத்தோடு கிடுக்கியில் வைத்ததுதான் பெரும்பாலும் காரணம். வடித்த சேற்றைச் சாக்கடையில் கொட்டாமல், மூடியுள்ள டப்பாவில் சேர்த்து, கழிவு எண்ணெய் வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

அறுத்த தகடுகளில் ஒட்டிய எண்ணெயைப் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் வெந்நீரும் பெரும்பாலும் எடுத்துவிடும். பிடிவாதமான கறையாக இருந்தால், பூனை மணலாக விற்கும் களிமண் உருண்டைகளில் ஓரிரு நாள் புதைத்து வையுங்கள், உறிஞ்சிக்கொள்ளும்.